பணம் முழுசு, படம் பாதி: கொரோனா காலத்து ஓடிடி தரக் குறைப்பு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2020 மார்ச்சில் அப்படி என்னதான் நடந்தது?

ஊரடங்கு போட்டதும் ஐரோப்பா முழுக்க வீட்டுக்குள் அடைந்தது. பகலில் ஆபீஸ் வேலையும் பள்ளிப் பாடமும் வீட்டு இணைப்பில், ராத்திரி படமும் அதே இணைப்பில். நெட்வொர்க் தாங்குமா என்ற பயம் வந்தது. ஐரோப்பிய ஆணையத்தின் உள்சந்தை ஆணையர் தியரி பிரெட்டன், மார்ச் 18 அன்று நெட்ஃப்ளிக்ஸ் தலைவர் ரீட் ஹேஸ்டிங்ஸிடம் பேசினார். எச்டி அவசியமில்லாத நேரத்தில் சாதாரணத் தரத்துக்கு மாறுங்கள் என்று மக்களையும் கேட்டுக்கொண்டார். மறுநாளே நெட்ஃப்ளிக்ஸ் ஐரோப்பாவில் எல்லா ஸ்ட்ரீமின் பிட்ரேட்டையும் (நொடிக்குச் செலவாகும் டேட்டா அளவையும்) 30 நாளுக்குக் குறைப்பதாக அறிவித்தது. அதனால் தன் டிராஃபிக் சுமார் 25 சதவீதம் குறையும் என்றது.

பிறகு வரிசையாக வந்தார்கள். யூடியூப் முதலில் ஐரோப்பாவிலும், மார்ச் 24 முதல் உலகம் முழுக்கவும், தானாக ஓடும் தரத்தை எஸ்டிக்கு, அதாவது சாதாரணத் தரத்துக்கு, மாற்றியது. அமேசான் பிரைம் வீடியோவும் ஆப்பிள் டிவி பிளஸ்ஸும் குறைத்தன. டிஸ்னி பிளஸ் ஐரோப்பாவில் மார்ச் 24 அன்று கடை திறந்தபோதே 25 சதவீதம் குறைத்துத்தான் திறந்தது. பிரான்சில் அரசு கேட்டுக்கொண்டதால் திறப்பே ஏப்ரல் 7க்குத் தள்ளிப்போனது.

இந்தியாவில்?

செல்போன் கம்பெனிகளின் சங்கமான சிஓஏஐ, ஓடிடி தளங்களுக்குக் கடிதம் எழுதி நெருக்கடியைக் குறைக்கச் சொன்னது. மார்ச் 24 அன்று ஸ்டார் மற்றும் டிஸ்னி இந்தியா தலைவர் உதய் சங்கர் கூட்டிய ஆன்லைன் கூட்டத்தில் சோனி, கூகுள், ஃபேஸ்புக், வயாகாம்18, அமேசான், ஜீ, டிக்டாக், நெட்ஃப்ளிக்ஸ், எம்எக்ஸ் பிளேயர், ஹாட்ஸ்டார் ஆகியோர் கலந்துகொண்டார்கள். எச்டியையும் அல்ட்ரா எச்டியையும் தற்காலிகமாக எஸ்டிக்கு இறக்குவது, மொபைல் நெட்வொர்க்கில் 480பிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்வது என்று முடிவானது. கெடு ஏப்ரல் 14, அதாவது முதல் 21 நாள் ஊரடங்கு முடியும் தேதி.

ஐரோப்பாவை விட இங்கே மொபைலைக் குறிவைத்ததற்குக் காரணம் உண்டு. 2020 மார்ச் இறுதியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் கணக்குப்படி நாட்டில் சுமார் 68 கோடி பிராட்பேண்ட் இணைப்புகள். அதில் வீட்டுக்குக் கம்பி வழியே வருவது 2 கோடிக்கும் குறைவு. மற்றதெல்லாம் டவரை நம்பித்தான். டவர்களையோ ஆள் நடமாட்டத்தைக் கணக்கிட்டு, ஆபீஸ் பகுதி, கடைவீதி என்று பிரித்துத் திட்டமிட்டிருப்பார்கள். எல்லோரும் ஒரே வாரத்தில் குடியிருப்புப் பகுதிக்குத் திரும்பிவிட்டால் அந்தக் கணக்கு கலைந்துவிடும்.

பிட்ரேட்டைக் குறைப்பதும் 480பி ஆக்குவதும் ஒன்றுதானே?

இல்லை. யாருக்கு எவ்வளவு நஷ்டம் என்ற வாக்குவாதத்தில் பாதிக் குழப்பம் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

480பி, 1080பி, 4கே என்பதெல்லாம் படத்தில் எத்தனை புள்ளிகள் என்பதைச் சொல்வது. 480பியில் சுமார் 4 லட்சம் புள்ளிகள், 1080பியில் சுமார் 21 லட்சம், 4கேயில் சுமார் 83 லட்சம். பிட்ரேட் என்பது அந்தப் புள்ளிகளை வரைய ஒரு நொடிக்கு எவ்வளவு டேட்டா செலவழிக்கிறார்கள் என்பது. பெரிய கோலத்தைக் கொஞ்சம் மாவில் போடலாம். புள்ளி எண்ணிக்கை அதேதான், கோடுதான் மெலிந்துபோகும்.

ஐரோப்பாவில் நெட்ஃப்ளிக்ஸ் செய்தது இரண்டாவது வகை, பிட்ரேட் குறைப்பு. ஒவ்வொரு ரெசல்யூஷனுக்கும் பல பிட்ரேட்டில் பிரதிகள் வைத்திருப்பார்கள். அதில் மேல் படியில் உள்ளதை மட்டும் எடுத்துவிட்டார்கள். 4கே ப்ளான்காரருக்கு 4கேதான் வந்தது. டென்மார்க்கில் டிவி காட்டும் எண்ணைக் கவனித்தவர்கள், 4கேயின் உச்ச பிட்ரேட் 15.25 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 7.62க்கு இறங்கியதைப் பார்த்தார்கள். "நீங்கள் பணம் கட்டிய தரம் உங்களுக்குக் கிடைக்கும்" என்ற வகையில் கம்பெனி சொன்னதை, பேக்கில் எழுதியிருந்த '4கே' என்ற ஒரு சொல்லை வைத்து நியாயப்படுத்தலாம். கண்ணை வைத்து நியாயப்படுத்துவது கஷ்டம்.

கண்ணுக்கு எப்படித் தெரியும்? பகல் வெளிச்சத்தில் இரண்டு பேர் உட்கார்ந்து பேசும் காட்சியில் ஒன்றும் தெரியாது. இருட்டறையில் ஒரு டார்ச் வெளிச்சம் சுவரில் விழும் காட்சியைப் பாருங்கள். வெளிச்சம் மெல்லக் கரைந்து இருளாக வேண்டிய இடத்தில், மரத்தை அறுத்தால் தெரியும் வளையம் மாதிரி பட்டை பட்டையாகத் தெரியும். மழை, புகை, கூட்டம், கேமரா வேகமாகத் திரும்பும் இடம் எல்லாம் கட்டம் கட்டமாக உடையும். அப்போதும் சப்டைட்டில் எழுத்து மட்டும் கத்தி மாதிரி கூர்மையாக நிற்கும். காரணம், பெரும்பாலான ஆப்களில் எழுத்து வீடியோவோடு சேர்ந்து வருவதில்லை, அதை ஆப் தனியாக வரைகிறது.

இந்தியாவில் கூட்டறிக்கை சொன்ன 480பி முதல் வகை. புள்ளிகளையே குறைப்பது. ஆறு அங்குல போனில் பலர் கவனித்திருக்கவே மாட்டார்கள். போன் ஹாட்ஸ்பாட்டில் 43 அங்குல டிவியை ஓட்டியவர்கள் கட்டாயம் கவனித்திருப்பார்கள். டிவிக்கு அது வைஃபை மாதிரி தெரிந்தாலும், ஐபி முகவரி மொபைல் கம்பெனியுடையது என்று தளத்துக்குத் தெரிய வழியுண்டு.

நெட் மெதுவானால் படம் தானாகவே தரம் இறங்கிவிடுமே. பிறகு தனியாக ஏன் குறைக்க வேண்டும்?

சரியான கேள்வி. படம் சில நொடித் துண்டுகளாக வெட்டி வைக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் இருக்கும். போன துண்டு எவ்வளவு வேகத்தில் வந்தது, முன்கூட்டியே இறக்கி வைத்த கையிருப்பில் எத்தனை நொடி இருக்கிறது என்று பார்த்து அடுத்த துண்டின் தரத்தை ஆப் தேர்ந்தெடுக்கும்.

ஆனால் அது தன் படம் நிற்காமல் ஓடுகிறதா என்று மட்டும்தான் பார்க்கும். பக்கத்து வீட்டு டாக்டரின் வீடியோ கால் திக்குவது அதற்குத் தெரியாது. நெரிசல் வந்த பிறகுதான் இறங்கும், கொஞ்சம் இடம் கிடைத்தால் உடனே ஏறும். வீடியோ காலுக்குக் கையிருப்பு என்ற சொகுசே கிடையாது. அரை நொடி தாமதித்தால் பேச்சு உடைந்துவிடும். எனவே முன்கூட்டியே உச்சியை வெட்டிவிடுவதில் தொழில்நுட்ப ரீதியாக அர்த்தம் இருக்கிறது. குறைத்ததே அநியாயம் என்று சொல்பவர்களோடு நாங்கள் ஒத்துப்போவதில்லை. குறைத்த பிறகு பில்லை என்ன செய்தார்கள் என்பதுதான் எங்கள் கேள்வி.

நெட்வொர்க் உண்மையிலேயே திணறியதா?

ஐரோப்பியத் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்புகளின் கூட்டமைப்பான பெரெக், அந்த மாதங்களில் தொடர்ந்து அறிக்கை வெளியிட்டது. டிராஃபிக் ஏறியது, ஆனால் பெரிய அளவில் பொதுவான நெரிசல் இல்லை என்பதுதான் அவற்றின் சாரம். இதை வைத்து "அப்போ குறைத்தது வீண்" என்பார்கள் சிலர். குறைத்ததால்தான் திணறவில்லை என்றும் வாதிடலாம். இரண்டையும் பிரித்து நிரூபிக்க வழியில்லை.

ஒன்று உறுதி. நெட்ஃப்ளிக்ஸ் மாதிரி தளங்கள் தங்கள் சர்வர் பெட்டிகளை இன்டர்நெட் கம்பெனிகளின் கட்டடத்துக்குள்ளேயே வைத்திருக்கின்றன. படம் கடல் கடந்து வருவதில்லை. அடைத்தால் கடைசிப் பகுதியில்தான் அடைக்கும்: டவர், தெருமுனைப் பெட்டி, வீட்டு வைஃபை. அதனால் நாடு முழுக்க ஒரே அளவில் வெட்டியது மொட்டைக் கத்தியால் செய்த வேலை. ஃபைபர் வைத்திருந்தவருக்கும் வெட்டு, டவரடியில் தவித்தவருக்கும் அதே வெட்டு.

தளம் குறைத்ததா, என் லைன் சரியில்லையா? எப்படிக் கண்டுபிடிப்பது?

இன்றைக்கும் பயன்படும் சோதனை இது. வரிசையாகச் செய்யுங்கள்.

முதலில் லைன். லேப்டாப்பை லேன் கேபிளில் நேரடியாக ரூட்டரில் சொருகுங்கள். ஃபாஸ்ட் டாட் காம் தளத்தில் ஒரு முறை, வேறொரு ஸ்பீட் டெஸ்ட் தளத்தில் ஒரு முறை வேகம் பாருங்கள். ஃபாஸ்ட் நெட்ஃப்ளிக்ஸ் நடத்துவது, அதன் சர்வரிலிருந்தே அளக்கும். இரண்டாவதில் 90 எம்பிபிஎஸ் வந்து ஃபாஸ்ட்டில் 8 வந்தால், உங்கள் இன்டர்நெட் கம்பெனிக்கும் நெட்ஃப்ளிக்ஸுக்கும் நடுவில் சிக்கல். இரண்டிலும் 8 என்றால் லைன்தான் பிரச்சினை. இரண்டிலும் 90 வந்து வைஃபையில் மட்டும் 8 என்றால் குற்றவாளி உங்கள் வீட்டுச் சுவர்.

அடுத்து, ஓடும் படத்தின் எண்கள். யூடியூபில் வீடியோ மேல் ரைட் கிளிக் செய்து 'ஸ்டாட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' திறங்கள். போன் ஆப்பிலும் செட்டிங்ஸில் இதற்கு ஸ்விட்ச் உண்டு. இணைப்பு வேகம், கையிருப்பு நொடிகள், இப்போது ஓடும் ரெசல்யூஷன் மூன்றும் தெரியும். வேகம் 40,000 கேபிபிஎஸ் (அதாவது 40 எம்பிபிஎஸ்), கையிருப்பு 60 நொடி, ஆனால் ஓடுவது 854×480 என்றால் உங்கள் லைன்மேல் பழி இல்லை. குவாலிட்டி மெனுவைத் திறங்கள். 1080பி பட்டியலில் இருந்து நீங்களே தேர்ந்தெடுக்க முடிந்தால், குறைத்தது தானியங்கி அமைப்பை மட்டும். பட்டியலிலேயே இல்லை என்றால் உச்சவரம்பு போட்டிருக்கிறார்கள், அல்லது அந்த வீடியோவே அவ்வளவுதான். 2020இல் யூடியூப் உலகத்துக்குக் குறைத்தது தானியங்கி அமைப்பை மட்டும். இந்தியாவில் யூடியூப் மொபைல் ஆப்புக்கு உச்சவரம்பு, வீட்டு வைஃபையில் இருந்தாலும் 480பிதான். ஜூலையில்தான் வைஃபையில் எச்டி திரும்ப வர ஆரம்பித்தது.

நெட்ஃப்ளிக்ஸில், கம்ப்யூட்டர் பிரவுசரில் படம் ஓடும்போது கன்ட்ரோல், ஷிஃப்ட், ஆல்ட், டி நான்கையும் சேர்த்து அழுத்துங்கள். திரையில் ஒரு பட்டியல் வரும். அதில் ஓடும் பிட்ரேட்டும் ரெசல்யூஷனும் இருக்கும். படம் ஆரம்பித்து இரண்டு மூன்று நிமிடம் கழித்துப் பாருங்கள், முதல் சில நொடிகளில் எப்போதும் கீழ்ப்படியில்தான் ஓடும். சில டிவிகளில் ரிமோட்டின் இன்ஃபோ பட்டன் இதையே காட்டும்.

ஒரே காட்சியை ஒரே இடத்தில் நிறுத்தி ஒப்பிட வேண்டும். வேறு வேறு படத்தை ஒப்பிட்டால் பயனில்லை. படத்துக்குப் படம், சில தளங்களில் காட்சிக்குக் காட்சி, பிட்ரேட்டைத் தனித்தனியாக முடிவு செய்கிறார்கள். கார்ட்டூன் 2 எம்பிபிஎஸ்ஸில் பளிச்சென்று இருக்கும், மழைச் சண்டைக்கு 6 போதாது.

எல்லாம் சரி, லைனும் நல்ல வேகம். ஆனாலும் போனில் எச்டி வரவில்லையே?

ஆண்ட்ராய்டு போனில் நெட்ஃப்ளிக்ஸ் ஆப்பின் செட்டிங்ஸ் போய் 'பிளேபேக் ஸ்பெசிஃபிகேஷன்' பாருங்கள். வைட்வைன் என்பது படத்தைத் திருடாமல் காக்கும் பூட்டு, அதன் நிலை எல்1 என்றிருக்க வேண்டும். எல்3 என்றிருந்தால் அந்தப் போனுக்கு எஸ்டி தான், எந்த ப்ளான் போட்டாலும். போனை ரூட் செய்தாலோ, பூட்லோடரைத் திறந்தாலோ பல போன்களில் எல்1 போய்விடும். சில போன்களில் மதர்போர்டு மாற்றிய பிறகும் போகும். அதே மெனுவில் மொபைல் டேட்டா அமைப்பு 'சேவ் டேட்டா'வில் கிடக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள். 2020இல் தளத்தைத் திட்டியவர்களில் சிலருக்கு உண்மையான காரணம் இதுவாகத்தான் இருந்திருக்கும்.

சரி, பணத்துக்கு வருவோம். எவ்வளவு திருப்பித் தந்திருக்க வேண்டும்?

ஒரு கணக்குப் போடலாம். 2020இல் இந்திய நெட்ஃப்ளிக்ஸ் மாதக் கட்டணம்: மொபைல் ப்ளான் 199 ரூபாய், பேசிக் 499, ஸ்டாண்டர்ட் 649, பிரீமியம் 799. முதல் இரண்டும் 480பி. ஸ்டாண்டர்ட் 1080பி, பிரீமியம் 4கே.

பேசிக்குக்கும் ஸ்டாண்டர்டுக்கும் வித்தியாசம் 150 ரூபாய். 480பிக்கு மேல் கிடைக்காத ஒருவருக்கு அந்த 150 எதற்கு என்று கேட்பது நியாயம். ஆனால் அந்த 150இல் இரண்டாவது ஸ்கிரீனுக்கான விலையும் சேர்ந்திருக்கிறது, அதை யாரும் பறிக்கவில்லை. ஆக, 150 என்பது உச்சவரம்பு. மாதம் 150 என்றால் நாளுக்கு 5 ரூபாய், 21 நாளுக்கு 105. இரண்டாவது ஸ்கிரீனுக்குப் பாதி ஒதுக்கினால் ஐம்பத்துச் சொச்சம். பிரீமியம்காரருக்கு இது இரட்டிப்பாகும். நெட்ஃப்ளிக்ஸ் தன் அறிவிப்பில் சொன்னது 25 சதவீதக் குறைப்பு மட்டுமே. அப்படியானால், வீட்டுக் கம்பி இணைப்பில் டிவி பார்த்தவருக்கு நஷ்டம் இன்னும் சிறியது.

ஜெர்மனியில் அப்போது ஸ்டாண்டர்ட் 11.99 யூரோ, பிரீமியம் 15.99. வித்தியாசம் 4 யூரோ, அதிலும் இரண்டு கூடுதல் ஸ்கிரீன் அடக்கம். 4கேயின் பிட்ரேட் பாதியானதற்கு ஒரு யூரோ, ஒன்றரை யூரோ என்றுதான் வரும்.

இந்தத் தொகைக்காக யாரும் வக்கீல் வைக்க மாட்டார்கள். கம்பெனிக்கும் அது தெரியும். ஒருவருக்கு டீக்காசு, கோடிக்கணக்கான சந்தாதாரருக்குச் சேர்த்தால் பெரிய தொகை. தனி ஆள் கேட்க மாட்டார் என்பதாலேயே தளம் தானாகக் கொடுக்க வேண்டிய பணம் இது.

199 ரூபாய் ப்ளான்காரர் என்ன இழந்தார்?

ரெசல்யூஷனில் ஒன்றுமில்லை, அவருக்கு எப்போதுமே 480பிதான். சொல்லப்போனால் இலவசமாகப் பார்த்தவர்களும் மலிவு ப்ளான்காரர்களும் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அதிகம் கட்டியவர் இறங்கிவந்து அவர்கள் பக்கத்தில் நின்றார், கட்டணம் மட்டும் இறங்கவில்லை.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. நாளுக்கு 1.5 ஜிபி டேட்டா பேக்கில் இருந்தவருக்கு இந்தக் குறைப்பு லாபம். நெட்ஃப்ளிக்ஸ் கணக்கில் எச்டி மணிக்கு 3 ஜிபி வரை, எஸ்டி சுமார் 0.7 ஜிபி. எச்டியில் அரை மணி நேரத்தில் தீரும் பேக், எஸ்டியில் இரண்டு மணி நேரம் ஓடும். மனதில் வைத்துக்கொள்ள ஒரு வாய்ப்பாடு: 1 எம்பிபிஎஸ் ஒரு மணி நேரம் ஓடினால் 450 எம்பி. 5 எம்பிபிஎஸ் என்றால் 2.25 ஜிபி.

விதிமுறையில் 'ஒப்புக்கொள்கிறேன்' என்று அழுத்தியாகிவிட்டதே. கேட்க உரிமை உண்டா?

ஓடிடி விதிமுறைகளில் பொதுவாக ஒரு வரி இருக்கும்: படத்தின் தரம் சாதனம், இடம், இணைய வேகம் போன்றவற்றைப் பொறுத்து மாறலாம். உங்கள் பக்கத்துக் காரணங்களால் தரம் குறைவதற்கு அந்த வரி பொருந்தும். தளமே முடிவெடுத்துக் குறைப்பதற்கும் அது பொருந்துமா என்பது வாதத்துக்குரியது. ஊரடங்கு மாதிரி சூழலில் அரசு கேட்டுக்கொண்டதால் செய்தோம் என்பது அவர்களுக்கு வலுவான பதில். ஆனால் அந்தப் பதில் ஏன் குறைத்தீர்கள் என்பதற்குத்தான். ஏன் முழுக் கட்டணம் வாங்கினீர்கள் என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

இந்தியாவில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, ஒப்பந்தப்படி செய்வதாக ஏற்ற சேவையின் தரத்தில் வரும் குறையை 'சேவைக் குறைபாடு' என்கிறது. அது நடைமுறைக்கு வந்தது 2020 ஜூலை 20. அதற்கு முன்பு 1986ஆம் ஆண்டுச் சட்டம், அதிலும் சேவைக் குறைபாடு உண்டு. புதிய சட்டத்தில் கூடுதலாக 'நியாயமற்ற ஒப்பந்தம்' என்ற பிரிவு வந்தது. கவனம், அந்த வாதத்தை மாவட்ட ஆணையத்தில் வைக்க முடியாது, மாநில ஆணையத்துக்குத்தான் போக வேண்டும்.

ஐரோப்பாவில் டிஜிட்டல் உள்ளடக்கம் பற்றிய 2019/770 உத்தரவு, ஒப்பந்தத்தில் சொன்னபடி தராத அளவுக்கு ஏற்ப விலையைக் குறைத்துக் கேட்கும் உரிமையைத் தெளிவாகத் தருகிறது. ஆனால் அது அமலுக்கு வந்தது 2022 ஜனவரி 1. கொரோனா குறைப்பு நடந்து முடிந்த பிறகு.

இனி இப்படி நடந்தால் புகாரை எப்படி எழுதுவது?

ஆதாரம் முதலில். மேலே சொன்ன எண்கள் பட்டியலைத் தேதி, நேரம் தெரிகிற மாதிரி ஸ்கிரீன்ஷாட் எடுங்கள். அதே பத்து நிமிடத்துக்குள் எடுத்த ஸ்பீட் டெஸ்ட் முடிவும் வேண்டும், இல்லாவிட்டால் 'உங்கள் நெட் ஸ்லோ' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். மூன்று வெவ்வேறு நாள் எடுத்தால் போதும். ப்ளான் பக்கத்தில் எந்த ரெசல்யூஷன் என்று எழுதியிருக்கிறதோ அதையும், அந்த மாத ரசீதையும் சேருங்கள்.

தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மெயில் அனுப்புங்கள். சாட்டில் பேசியது காணாமல் போகும், மெயில் நிற்கும். 2020 இ-காமர்ஸ் விதிகளின்படி 48 மணி நேரத்தில் ஒப்புகை, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். மெயிலில் கோபம் வேண்டாம், கணக்கு வேண்டும்: எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை, எந்த ப்ளான், எந்தத் தரம் வந்தது, எத்தனை ரூபாய் அல்லது எத்தனை நாள் நீட்டிப்பு கேட்கிறீர்கள். பணத்தை விட நாள் நீட்டிப்பைக் கேளுங்கள். கம்பெனிக்கு அது கொடுக்க எளிது.

பதில் வராவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேல் மாவட்ட நுகர்வோர் ஆணையம். நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம், கம்பெனி மும்பையில் இருந்தாலும் பரவாயில்லை. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை, ஆன்லைனிலும் தாக்கல் செய்யலாம். ஒரே குறையுள்ள பலர் சார்பில் ஒருவர் ஆணையத்தின் அனுமதியோடு வழக்குப் போடவும் இடமுண்டு. நூறு ரூபாய் வழக்குக்கு உயிர் கொடுக்கும் வழி அதுதான்.

ஒரு தவறு பலர் செய்வது: ஓடிடி மேல் புகாரைத் தகவல் ஒளிபரப்பு அமைச்சகத்தின் 2021 விதிகளின் கீழ் அனுப்புவது. அது படத்தின் உள்ளடக்கம் பற்றியது. பிட்ரேட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

இது நெட் நியூட்ராலிட்டி மீறல் இல்லையா?

இல்லை. எல்லா டிராஃபிக்கையும் பாகுபாடில்லாமல் நடத்தச் சொல்லும் அந்த விதிகள், இணைப்புத் தரும் கம்பெனியைக் கட்டுப்படுத்துபவை. ஐரோப்பாவில் 2015/2120 ஒழுங்குமுறை, விதிவிலக்கான நெரிசலில் மட்டும், அதுவும் ஒரே வகை டிராஃபிக்கைச் சமமாக நடத்தி, கட்டுப்படுத்த விடுகிறது. இந்தியாவிலும் 2018இல் இதே திசையில் விதி வந்தது. 2020இல் குறைத்தது தளங்களே, தாமாக முன்வந்து. 'தாமாக' என்பதால் எந்த ஒழுங்குமுறை அமைப்பும் கெடு, அறிவிப்பு, ஈடு பற்றி விதி போடவில்லை. கட்டாயப்படுத்தியிருந்தால் சந்தாதாரருக்கு ஒருவேளை நல்லதாக இருந்திருக்கும்.

பிறகு எப்படிக் குறைத்திருக்க வேண்டும்?

அந்த நேரத்தில் சோனி ஐரோப்பாவில் பிளேஸ்டேஷன் கேம் டவுன்லோடை மெதுவாக்கியது. அதில் ஒரு நேர்த்தி இருக்கிறது. கேம் இரண்டு மணி நேரம் தாமதமாக வரும், ஆனால் முழுசாக வரும். யாரும் எதையும் இழக்கவில்லை. படத்துக்கும் இதையே செய்திருக்கலாம்: நள்ளிரவு முதல் காலை 6 வரை முழுத் தரத்தில் டவுன்லோட் அனுமதித்து, மாலை நெரிசல் நேரத்தில் மட்டும் நேரடி ஓட்டத்தைக் குறைப்பது.

மற்றபடி மூன்று விஷயம் போதும். ஆப்பைத் திறந்ததும் 'இன்ன தேதி வரை, இந்த அளவு' என்று ஒரு வரி. பலருக்குச் செய்தித்தாளைப் பார்த்துத்தான் தெரிந்தது. இரண்டாவது, ப்ளானைக் கீழிறக்கினால் அன்றே அமலாகும் வசதி. வழக்கமாக அடுத்த பில் தேதி வரை காத்திருக்க வேண்டும், வருடச் சந்தாக்காரருக்கு அதுவும் இல்லை. மூன்றாவது, கேட்காமலே நாள் நீட்டிப்பு. 1080பிக்குக் கட்டியவருக்கு 21 நாளுக்கு 5 நாள் கூடுதலாகக் கொடுத்திருந்தால், மேலே போட்ட 105 ரூபாய்க் கணக்கு ஏறக்குறைய நேராகியிருக்கும்.

டிடிஎச்சில் எச்டி பேக்குக்குப் பணம் வாங்கிக்கொண்டு ஒரு மாதம் எஸ்டி சேனல் காட்டினால் தெருவில் எவ்வளவு சத்தம் வரும் என்று யோசித்துப் பாருங்கள்.

வீட்டில் நெரிசல் நேரத்தில் நாமே செய்யக்கூடியது என்ன?

டிவிக்கு லேன் கேபிள் இழுத்துவிடுங்கள். பல டிவிகளின் லேன் போர்ட் 100 எம்பிபிஎஸ்தான், 4கேக்கு அது தாராளம். முடியாவிட்டால் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றுங்கள், நடுவில் இரண்டு சுவருக்கு மேல் வேண்டாம்.

வீடியோ கால் திக்கினால் டவுன்லோடைத் திட்டாதீர்கள், அப்லோடைப் பாருங்கள். 40 எம்பிபிஎஸ் டவுன்லோடுக்கு 4 மட்டும் அப்லோட் தரும் இணைப்புகள் உண்டு. அதில் ஒரு போன், போட்டோக்களை கிளவுடில் ஏற்றிக்கொண்டிருந்தால் எல்லோருடைய காலும் போச்சு. பேக்கப்பை ராத்திரிக்குத் தள்ளுங்கள். படத்தையும் வைஃபையில் ராத்திரியே இறக்கி வைத்துவிட்டால் மாலைத் தள்ளுமுள்ளுக்குள் போகவே வேண்டாம்.

மாதக் கடைசியில் திடீரென்று எல்லாமே மங்கினால் முதலில் எஃப்யூபி, அதாவது உங்கள் இணைப்பின் மாத டேட்டா வரம்பைப் பாருங்கள். வரம்பு தாண்டியதும் வேகத்தை 2 எம்பிபிஎஸ் போலக் குறைத்துவிடுவார்கள். பாவம், அதற்கும் ஓடிடிதான் திட்டு வாங்கும்.

குறைத்ததை எப்போது திருப்பினார்கள்?

நெட்ஃப்ளிக்ஸ் 2020 மே மாதம் ஐரோப்பாவில் நாடு நாடாக, அந்தந்த இன்டர்நெட் கம்பெனிகளோடு பேசித் தளர்த்தியது. இந்தியாவில் ஏப்ரல் 14 என்ற கெடு ஊரடங்கு நீண்டதோடு மங்கிப்போனது. இன்ன நாளில் முடிந்தது என்று எல்லாத் தளங்களும் சேர்ந்து சொன்ன ஒரு தேதி கிடையாது.

அந்த மாத ரசீது இன்னும் என்னிடம் இருக்கிறது. இப்போது கேட்கலாமா?

காலம் கடந்துவிட்டது. நுகர்வோர் புகாருக்கு 2 வருடம்தான் வரம்பு. கொரோனாவுக்காக உச்ச நீதிமன்றம் 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையிலான நாட்களைக் கணக்கில் சேர்க்காமல் விட்டது. அதையும் கூட்டினால்கூட 2024 பிப்ரவரியோடு முடிந்தது.